கர்ணன் சாகும் ராத்திரி

வெள்ளிக்கிழமை

ஞாயிறன்று பெரியப்பாவுக்குக் கருமாதி. செய்யாறு பக்கம் எங்கள் வழக்கப்படி முந்தின ராத்திரி 'கர்ண மோட்சம்' கூத்து வைக்க வேண்டும். அவர் மகனான அண்ணனுக்கு இஷ்டமில்லை. "விடிய விடிய யாரு முழிச்சிருப்பாங்க? பத்து மணிக்கு முடியிற மாதிரி பாட்டுக் கச்சேரி வச்சிடலாம்" என்றார். பெரியம்மா விடவில்லை. "எங்க மாமனாருக்கு ஆடினாங்க, இவருக்கும் ஆடணும்." கூத்து வாத்தியாருக்கு முன்பணம் போய்விட்டது.

சாவு வீட்டுக்காரனுக்கு அழ எங்கே நேரம்? ஐஸ் பெட்டி, பந்தல், மாலை, வண்டி, அதன்பின் இறப்புச் சான்றிதழுக்கு அலைச்சல். அண்ணன் இன்றுவரை ஒரு சொட்டு விடவில்லை. நிலத்தை மனைபோட விற்ற நாளிலிருந்து அவரோடு பெரியப்பாவுக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

ஞாயிறு, மத்தியானம்

கண் எரிகிறது. தூங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பத்து மணிக்கு மேல்தான் மத்தளமும் முகவீணையும் சூடு பிடித்தன. கோமாளியான கட்டியக்காரன் வந்து பந்திச் சாப்பாட்டைக் கிண்டல் செய்ததும் பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். துக்க வீட்டில் சிரிக்க அனுமதி தருவதும் கூத்துதான். கிரீடமும் புஜக்கட்டையுமாகக் கர்ணன் திரைக்குப் பின்னிருந்து கிறுகிறுவென்று சுற்றி வந்தான். போருக்குப் போகுமுன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டம் நீண்டுகொண்டே போனது. போகிறவன் திரும்பமாட்டான் என்று இருவருக்கும் தெரியும். நடுவில் மைக்கைப் பிடுங்கி நூறு ரூபாய் அன்பளிப்புக்குப் பெயர் வாசித்தார்கள். அந்த எரிச்சலும் கூத்தோடு சேர்ந்ததுதான்.

விடியும் நேரத்தில் கர்ணன் விழுந்தான். கிழப் பிராமணனாக வந்த கிருஷ்ணன், செய்த புண்ணியத்தையெல்லாம் தானமாகக் கேட்டு வாங்கிக்கொண்டான். பிறகு குந்தி வந்தாள். உயிரோடு இருந்தவரை ஊரறிய மகன் என்று சொல்லாதவள், தலையை மடியில் போட்டுக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள். குந்தி வேஷம் கட்டியவர் ஐம்பது வயது ஆண். தாடையில் பவுடர் வியர்வையில் திட்டுத்திட்டாகக் கரைந்திருந்தது. பாட்டுக்கிடையே பெரியப்பாவின் பெயரையும் சேர்த்தார். பெண்கள் எழுந்து போய்க் கட்டிக்கொண்டு அழுதார்கள். அண்ணன் பந்தல் காலைப் பிடித்தபடி சத்தமாக அழுதார். யாரும் தேற்றவில்லை, எல்லாரும் கர்ணனுக்காக அழும்போது அவர் யாருக்கு அழுகிறார் என்று எவன் பார்க்கப் போகிறான்? அப்படியே ஏரிக்கரைக்குப் போய்க் காரியத்தை முடித்தோம்.

புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் நாடகம் இது. செத்தவர் மோட்சத்துக்குப் போகவே ஆடுவதாக ஊரில் சொல்வார்கள். அதைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. பேசாமல் விட்டதைப் பேச, இருக்கிறவர்களுக்கு ஒரு குந்தி கிடைக்கிறாள், அது நிச்சயம்.

இந்தக் கூத்துக்கென்று காஞ்சிபுரத்தில் 1990இல் பி. ராஜகோபால் முதலியோர் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினார்கள். 2002இல் வந்த அவர்களுடைய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் ஆடப் படித்தார்கள். 2020இல் அது மூடப்பட்டது. இப்போதும் ஊர்க் குழுக்கள் ஆடிக்கொண்டுதான் இருக்கின்றன. வீட்டில் கருமாதி வந்தால் கூப்பிடுங்கள். நேரத்தை மட்டும் குறைக்கச் சொல்லாதீர்கள். குந்தி வருவது கடைசியில்தான்.