நம் வீட்டுப் பிள்ளைக்கு மனம் சரியில்லை என்றால்

நம் தோட்டப்புறங்களில் யாராவது கொஞ்சம் கோணலாகப் பேசிவிட்டால் உடனே என்ன சொல்வோம்? "இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்போம். எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் வீட்டில் ஒரு பிள்ளைக்கு உண்மையிலேயே புத்தி பேதலித்துவிட்டால் அந்தக் கேலிப் பேச்சுதான் முதலில் வந்து வாசலை மறிக்கும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பெயர் கெட்டுவிடுமே, தங்கச்சிக்கு மாப்பிள்ளை வராதே என்று பெற்றவர்கள் மாதக்கணக்கில் கதவைச் சாத்திக்கொண்டு அழுவார்கள்.

அந்த ஊருக்கு அப்படி ஒரு பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. ஈப்போவுக்குப் பக்கத்தில் 1911ஆம் ஆண்டு வெள்ளைக்காரர்கள் திறந்த மனநோய் மருத்துவமனை அது. இன்று ஹோஸ்பிட்டல் பஹாகியா என்று பெயர். அந்த நாளில் இந்த வியாதிக்கு மருந்தே கிடையாது. குளோர்புரோமசின் என்ற முதல் மருந்தைப் பாரிஸ் நகரத்து டாக்டர்கள் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததே 1952ல்தான். அதற்கு முன்னால் உள்ளே போனவர்களில் பலர் திரும்பவில்லை. நம் பாட்டன் பாட்டி பயந்ததில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பயத்தை நாமும் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பதில் நியாயம் இல்லை.

நான் எழுத வந்தது வேறு ஒரு வாசலைப் பற்றி. மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் படிப்பு 1960களில் தொடங்கியது. அதற்கென்று ஒரு மருத்துவமனையும் எழுந்தது. அங்கே எலும்பு முறிவுக்கு ஒரு பிரிவு, பிரசவத்துக்கு ஒரு பிரிவு, இருதயத்துக்கு ஒரு பிரிவு இருப்பதுபோல மனநோய்க்கும் ஒரு பிரிவு உண்டு. பின்னால் வந்த மற்றப் பல்கலைக்கழகங்களும் இதே மாதிரி வைத்திருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு பிரிவின் வாசலில்தான் 1984ல் எங்கள் அம்மா என் அண்ணனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு நின்றார்.

அண்ணனுக்கு அப்போது 19 வயது. ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு அப்பாவோடு பால்மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்தான். முதலில் தூக்கம் போயிற்று. பிறகு வானொலியில் செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்றான். லயத்தில் யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் என்று சண்டைக்குப் போனான். குளிக்கவில்லை. அம்மா வைத்த சோற்றில் மருந்து கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளினான். முனீஸ்வரருக்குச் சேவல் கொடுத்தார்கள். பூசாரி தாயத்துக் கட்டினார். யாரோ செய்வினை என்றார்கள், பக்கத்துக் கம்பத்துப் பொம்மோவிடமும் போய் வந்தார்கள். ஏழு மாதம் இப்படியே ஓடிற்று. கடைசியில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர்தான் ஒரு கடிதம் எழுதி அம்மாவின் கையில் கொடுத்து, "சாமியைக் கும்பிடுங்கம்மா, கும்பிட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்" என்றார்.

அங்கே என்ன நடந்தது என்பதை அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஊசி இல்லை, கட்டில்லை. ஓர் இளம் டாக்டர் ஒரு மணி நேரத்துக்கு மேல் கேள்வி கேட்டார், அவ்வளவுதான். அண்ணனைத் தனியாக, பிறகு அம்மாவைத் தனியாக. தமிழ் தெரிந்த ஒரு மருத்துவ மாணவி கூட உட்கார்ந்து இரண்டு பக்கமும் எடுத்துச் சொன்னார். பிறக்கும்போது சிரமம் இருந்ததா, சின்ன வயதில் வலிப்பு வந்ததா, தலையில் அடிபட்டதா, கஞ்சா உண்டா, சம்சு உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா, ஆள் இல்லாதபோது குரல் கேட்கிறதா? பிறகு இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். மனக் கோளாறுக்கு இரத்தம் எதற்கு என்று அம்மாவுக்குச் சந்தேகம். தைராய்டு சுரப்பி கெட்டாலும், மூளையில் கிருமி தொற்றினாலும், சில வலிப்பு வகைகளிலும் ஆள் புத்தி மாறினவர்போல நடந்துகொள்ளலாம். அவற்றை முதலில் தள்ளிவிட்டுத்தான் மனநோய் என்று முடிவு செய்வார்கள். செய்வினை என்று ஒரே பார்வையில் சொல்பவர்களுக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

"நீ செத்துப்போக நினைத்தாயா?" என்றும் டாக்டர் கேட்டிருக்கிறார். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடாதா என்று பலர் பயப்படுகிறார்கள். வராது. கேட்டால்தான் மனதில் இருப்பது வெளியே வரும். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பிடிக்கும் சட்டம் நம் நாட்டில் 2023ல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே போலீசுக்குப் பயந்து டாக்டரிடம் மறைக்க வேண்டியதில்லை. வீட்டில் யாருக்காவது அந்த எண்ணம் இருந்தால் தனியே விடாதீர்கள், பூச்சி மருந்து, புல் மருந்து எதையும் வீட்டில் வைக்காதீர்கள். ஆபத்து என்றால் நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929. இராத்திரியிலும் எடுப்பார்கள்.

மறுவாரம் அம்மாவுக்குக் கோபம் வந்த கதை ஒன்று உண்டு. பேராசிரியர் ஒருவர் ஐந்தாறு மாணவர்களோடு வந்து அண்ணனைச் சுற்றி உட்கார்ந்தார். "என் பிள்ளை என்ன பொருட்காட்சியா?" என்று அம்மா கேட்டுவிட்டார். பேராசிரியர் கோபிக்கவில்லை. வேண்டாம் என்றால் மாணவர்களை அனுப்பிவிடுகிறேன் என்றார். அண்ணன்தான், "இருக்கட்டும், படிக்கிற பிள்ளைகள்தானே" என்றான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் நல்ல பேச்சு அது என்று அம்மா சொல்வார்.

அந்தப் படிப்பின் அருமையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும், வாசகர்களே. 1973ல்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மனநோய்க்கான மேற்படிப்புத் தொடங்கியது. அதற்கு முன்னால் இந்தத் துறையில் நிபுணராக விரும்பிய டாக்டர் கடல் கடந்து போய்ப் படித்து வர வேண்டும். இன்று மாவட்டத் தலைநகர்களில் உள்ள அரசாங்க மருத்துவமனைகளில் மனநல டாக்டர்கள் இருக்கிறார்கள் என்றால், யாரோ சில நோயாளிகள் "இருக்கட்டும்" என்று சொன்னதும் அதற்கு ஒரு காரணம். கண் டாக்டராகவோ குழந்தை டாக்டராகவோ ஆகப்போகிற மாணவரும் சில வாரங்கள் இந்தப் பிரிவில் பாடம் கேட்டே ஆகவேண்டும். அதனால்தான் சின்ன ஊர்க் கிளினிக் டாக்டருக்கும் இதை அடையாளம் காணத் தெரிகிறது.

மருந்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். அண்ணனுக்கு வந்தது ஸ்கிசோஃப்ரினியா, தமிழில் மனச்சிதைவு நோய். ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு வாழ்நாளில் வரக்கூடியது. மாத்திரை கொடுத்தார்கள், பிறகு மாதம் ஒரு முறை மொடிக்கேட் ஊசி. குரல்கள் அடங்கின. ஆனால் கை நடுங்கியது, நடை மரம்போல ஆயிற்று. "மருந்துதான் அவனை இப்படி ஆக்கிவிட்டது" என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அது பாதி உண்மை, பாதி உண்மைதான் ஆபத்தானது. அம்மா நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னார். அளவைக் குறைத்தார், நடுக்கத்துக்கு வேறொரு மாத்திரை சேர்த்தார். இப்போது வரும் புதிய மருந்துகளில் நடுக்கம் குறைவு, ஆனால் உடம்பு பெருக்கும், சர்க்கரையும் கூடலாம். எதுவானாலும் தானாக நிறுத்தக்கூடாது. பிற்காலத்தில் அண்ணன் இரண்டு முறை நிறுத்தினான், இரண்டு முறையும் நோய் திரும்பியது.

ஆராய்ச்சி என்றால் நம்மவர்களுக்கு ஏதோ உடம்பை அறுப்பது என்று நினைப்பு. பெரும்பாலும் அது பொறுமையாகக் கேட்டு, எழுதி, எண்ணிப் பார்ப்பதுதான். கிளந்தானில் உள்ள பல்கலைக்கழக மனநலப் பிரிவில் 134 மலாய் நோயாளிகளைக் கேட்டுப் பார்த்தார்கள். 1996ல் வெளிவந்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் பேய், சூனியம் போன்றவைதான் காரணம் என்று நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் ஒழுங்காக மருந்து சாப்பிடுவதும் குறைவு. ஆக, இது தமிழனுக்கு மட்டும் உள்ள குணம் என்று நாம் தலைகுனிய வேண்டியதில்லை.

கோவிலையும் டாக்டர்கள் ஒதுக்கிவிடவில்லை. பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்று பெரிய மனநல நிலையம் இருக்கிறது. அங்குள்ள டாக்டர்கள் தமிழ்நாட்டில் முத்துசாமி கோவில் ஒன்றில் வந்து தங்கிய 31 மனநோயாளிகளைக் கவனித்து 2002ல் எழுதினார்கள். கோவில் வேலைகளைச் செய்துகொண்டு, குடும்பத்தார் ஒருவர் பக்கத்தில் இருக்க, அவர்கள் சில வாரங்கள் தங்கினார்கள். நோயின் கடுமை சராசரியாக ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்ததாம். பயமுறுத்தாத, ஆதரவான சூழல்தான் காரணம் என்று அவர்கள் கருதினார்கள். மருந்து சாப்பிட்டவர்களோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட ஆராய்ச்சி அல்ல அது. ஆகவே மருந்தை விட்டுவிட்டுக் கோவிலுக்குப் போங்கள் என்று அதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்த ஓலைக் கொட்டகை ஒன்று 6.8.2001 அன்று தீப்பற்றியது. 28 பேர் இறந்தார்கள். என் மகனைச் சங்கிலியில் கட்டு என்று எந்தச் சாமி சொன்னது?

எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுவது லண்டனில் செய்த ஓர் ஆராய்ச்சி. வாகன், லெஃப் என்ற இருவர் 1976ல் எழுதியது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களில், "உன்னால்தான் இந்த வீடே கெட்டது" என்கிற மாதிரி ஓயாத குற்றப்பேச்சு உள்ள வீட்டுக்குப் போனவர்களுக்கு நோய் திரும்புவது மிக அதிகம் என்று கண்டார்கள். பிறகு இந்தியாவில் சண்டிகரிலும் பார்த்தார்கள். அங்கே அப்படிப்பட்ட வீடுகள் லண்டனைவிடக் குறைவாகவே இருந்தன. கூட்டுக் குடும்பமும் பொறுமையும் நம்மிடம் இருந்த சொத்து. இன்று செம்பனைத் தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்தபின் அது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் டாக்டர் அப்பாவைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "சோம்பேறி என்று மட்டும் சொல்லாதீர்கள். எழுந்திருக்க முடியாததும் நோய்தான்." அப்பா கோபக்காரர். ஆனால் அந்தச் சொல்லை அவர் பிறகு சொல்லவில்லை. அண்ணன் நாற்றுப் பண்ணை ஒன்றில் பைகளில் மண் நிரப்பும் வேலைக்கு இருபது ஆண்டுக்கு மேல் போனான். கல்யாணம் செய்யவில்லை. இப்போது 60 வயதைத் தாண்டி, எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். காலையில் பூச்செடிக்குத் தண்ணீர் விடுவான். குரல் இன்னும் சில நாள் கேட்கும். "கேட்கிறது, ஆனால் நான் பதில் சொல்வதில்லை" என்பான்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் முதலில் பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய்க் கடிதம் வாங்குங்கள். எங்கே அனுப்புவது என்று அவர்களே சொல்வார்கள். போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: தூக்கம் எந்த மாதத்திலிருந்து கெட்டது, என்ன பேசுகிறான், என்ன சாப்பிடுகிறான், நாட்டு மருந்து உட்பட எதையெல்லாம் கொடுத்தீர்கள். தாயத்துக் கட்டியிருந்தால் அதையும் எழுதுங்கள், யாரும் திட்டமாட்டார்கள். அவனோடு அதிகம் இருக்கிறவர்தான் கூடப் போக வேண்டும், வசதியாகப் பேசத் தெரிந்த மாமா அல்ல. சாப்பாடும் கட்டிக்கொண்டு போங்கள், முதல் நாள் நேரமாகும்.