அப்பாவின் ரப்பர் பந்து

எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் உடற்பயிற்சிக் கருவி ஒரு ரப்பர் பந்து. விலை 2 ரிங்கிட். வாங்கியது எனக்காக இல்லை, அப்பாவுக்காக.

இனிப்புநீர் அப்பாவின் சிறுநீரகங்களைக் கெடுத்துவிட்டது. டயாலிசிஸ் ஆரம்பிப்பதற்கு முன்பு அவருடைய இடது கையில் ஒரு சின்ன அறுவை சிகிச்சை செய்தார்கள். தமனியையும் சிரையையும் இணைத்து, ஊசி போடுவதற்குத் தோதாக ரத்தக்குழாயைத் தடிக்கச் செய்யும் வேலை. புண் ஆறியதும், அந்தக் குழாய் நன்றாகத் தேறுவதற்குத் தினமும் பந்தை அழுத்திப் பழகச் சொன்னார்கள். அப்பா ஒருநாள்கூடத் தவறவில்லை. செய்தி பார்க்கும்போது, அம்மாவோடு பேசும்போது, என் மகளுக்குக் கதை சொல்லும்போது என எந்நேரமும் கை பாட்டுக்கு அழுத்திக்கொண்டிருக்கும். பந்து அவருடைய நாற்காலியை விட்டு நகராது.

அதே சமயத்தில் நான் ஒரு ஜிம்மில் உறுப்பினராக இருந்தேன். மாதம் 150 ரிங்கிட், ஒரு வருட ஒப்பந்தம். குளுகுளு அறை, வரிசையாக டிரெட்மில்கள், சுவர் முழுக்கக் கண்ணாடி. முதல் மாதம் ஒன்பது தடவை போனேன். பிறகு பாயான் லெப்பாசில் வேலை முடிந்து, லிம் சோங் இயூ விரைவுச்சாலை நெரிசலில் ஊர்ந்து, கார் நிறுத்த இடம் தேடி அலைவதற்குள் ஏழரை மணி ஆகிவிடும். "நாளைக்குப் போகலாம்" என்று வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். ஆறாவது மாதம் நிறுத்தலாம் என்று கேட்டேன். மீதி மாதங்களுக்கும் பணம் கட்டித்தான் ஆகவேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போடும்போது படிக்காமல் விட்டது என் தப்புதான்.

வருட முடிவில் கைப்பேசியில் பதிவான வருகையை எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 23 நாள். கட்டியது 1,800 ரிங்கிட். ஒரு தடவைக்கு 78 ரிங்கிட்! அந்தக் காசுக்கு எங்கள் தெருவில் குடும்பமே உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடலாம்.

இது என் ஒருவனுடைய கதை மட்டுமில்லை. ஸ்டெஃபனோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் அமெரிக்க உடற்பயிற்சி மையங்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவைதான் போயிருக்கிறார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் ஆகியிருக்கிறது. பத்து வருகைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலரோடு முடிந்திருக்கும். சந்தா கட்டும்போது எல்லாரும் தங்களைப் பற்றிக் கொஞ்சம் உயர்வாகவே நினைத்துக்கொள்கிறோம்.

என்னை உலுக்கியது இந்தக் கணக்கு அல்ல. வருடாந்திர ரத்தப் பரிசோதனையில் எனக்கு எச்பிஏ1சி அளவு 6.1 என்று வந்தது. இனிப்புநீருக்கு முந்தைய நிலை. "வாரத்தில் எவ்வளவு நேரம் உடற்பயிற்சி செய்றீங்க?" என்று டாக்டர் கேட்டார். "நேரம் கிடைக்கல டாக்டர்" என்றேன்.

அன்று சாயங்காலம் அப்பாவை அழைத்துவர டயாலிசிஸ் மையத்துக்குப் போனேன். காத்திருந்தபோது மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம். போகவர ஆகும் நேரத்தைச் சேர்க்காமலே வாரத்துக்கு 12 மணி நேரம் அப்பா அந்த நாற்காலியில் இருக்கிறார். பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும், இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 150 நிமிடம் என்றால் இரண்டரை மணி நேரம். அதற்குத்தான் நேரமில்லை என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பதாகச் சொன்னது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நம் வீடுகளில் இது ஊரறிந்த சங்கதி. எங்கள் வீட்டில் அது பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது.

அன்று அப்பாவைத் தாங்கிப் பிடித்து மாடியேறினேன். எங்கள் வீடு சூலியா தெருவில் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடி. செங்குத்தான மரப்படி, 19 படிகள். பாதியில் அப்பா நின்றார், நானும் நின்றேன். இருவருக்கும் மூச்சு வாங்கியது. அவருக்கு 71 வயது, எனக்கு 39.

ஜிம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வீட்டிலேயே செய்வது என்று முடிவெடுத்து, வழக்கமான ஆர்வக்கோளாறில் முதலில் டிரெட்மில்தான் தேடினேன். பழையது ஒன்று 900 ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. எடை ஏறக்குறைய 90 கிலோ. அப்பா கேட்டார்: "படியில எப்படி ஏத்துவ? ஏத்துனாலும் பலகை தாங்குமாய்யா?" நியாயமான கேள்வி. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஜார்ஜ்டவுனின் பழைய கட்டடம் இது. பலகைத் தரையில் ஓடினால் கீழே உள்ள கடைக்காரர் தலையில் இடி விழும். தெரிந்தவர் ஒருவர் வீட்டில் டிரெட்மில் துணி காயப்போடும் கொடியாக மாறிவிட்ட கதையை அம்மாவும் ஞாபகப்படுத்தினார். ஜிம்முக்குக் கட்டிய காசு வீணாவதைப் போல வீட்டுக் கருவிக்குப் போட்ட காசும் வீணாகலாம்.

அப்போதுதான் அப்பாவின் பந்தைக் கவனித்தேன். அது கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. எடுப்பதற்கு உடை மாற்ற வேண்டாம், காரை எடுக்க வேண்டாம், யாரிடமும் கேட்கவும் வேண்டாம். அதனால்தான் ஒருநாளும் தவறவில்லை.

அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். நான் வாங்கியவை: 5 கிலோ டம்பெல் ஒரு ஜோடி, இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டைகள் மூன்று, சத்தம் கேட்காமலிருக்க ஒரு தடித்த விரிப்பு. எல்லாம் சேர்த்து 240 ரிங்கிட். அலமாரிக்குள் வைக்கவில்லை. அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். "அழகா இருக்கு கூடம்!" என்று மனைவி முகம் சுளித்தாள். இரண்டு வாரம் கழித்து அவளும் ஒரு பட்டையை எடுத்துக்கொண்டாள்.

செவ்வாய், வியாழன், சனி காலை ஆறு மணிக்கு இருபது நிமிடம். டம்பெல்லைப் பிடித்தபடி உட்கார்ந்து எழுவது, தோளுக்கு மேல் தூக்குவது, பட்டையை இழுப்பது. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சேரும் சர்க்கரையில் கணிசமான பகுதியைத் தசைகள் எடுத்துக்கொள்கின்றன. அதனால்தான் நடை மட்டும் போதாது, தசைக்கும் வேலை கொடுங்கள் என்கிறார்கள்.

டிரெட்மில்லின் வேலையைத் தெருவே செய்கிறது. மற்ற நாள்களில் காலையில் நாகூர் தர்கா முனை வரை போய், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சீனர் கோவில், செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் வழியாகக் கடற்கரைத் திடலுக்கு நடந்து திரும்புகிறேன். போகவர முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சாயங்காலம் சூலியா தெருவில் மீ தள்ளுவண்டிகளுக்கும் சுற்றுப்பயணிகளுக்கும் நடுவே நடக்க முடியாது. விடியற்காலையில் தெரு நமக்கு.

ஜிம் வேண்டாம் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். பயிற்றுநர் தேவைப்படுகிறவர்கள், நண்பர்களோடு சேர்ந்தால்தான் செய்வேன் என்பவர்கள், வேலையிடத்துக்குப் பக்கத்திலேயே ஜிம் வாய்த்தவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால், சந்தாவைப் புதுப்பிக்கும் முன்பு போன வருடம் எத்தனை நாள் போனீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டுக்குக் கருவி வாங்குவதென்றால் ஒரு மாதம் வெறும் விரிப்பில் பயிற்சி செய்து பார்த்துவிட்டு வாங்குங்கள். ஏற்கெனவே இனிப்புநீரோ ரத்தக் கொதிப்போ இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

எட்டு மாதம் ஆகிறது. இடையில் தீபாவளி வாரமும் காய்ச்சல் வந்த பத்து நாளும் தவறிப்போயின. சீனி போடாத தே குடிக்கப் பழகியதும் சேர்ந்துகொள்ள, போன மாதப் பரிசோதனையில் 5.8. இன்னும் எல்லையைத் தாண்டி உள்ளே வரவில்லை. அப்பாவுக்கு என்னால் சிறுநீரகத்தைத் திருப்பித் தர முடியாது. அவர் வாரம் மூன்று நாள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்.

போன வியாழக்கிழமை டயாலிசிஸ் முடிந்து அவரை மாடிக்கு ஏற்றினேன். வழக்கம்போல் பாதிப் படியில் நின்றார். நான் அவருடைய முழங்கையைப் பிடித்தபடி காத்திருந்தேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உனக்கு மூச்சு வாங்கலையா?"

"இல்லப்பா."

"நல்லது" என்று சொல்லிவிட்டு, என் தோளில் இன்னும் கொஞ்சம் பாரத்தைச் சாய்த்து, அடுத்த படியில் கால் வைத்தார்.