சுவரோரக் கிசுகிசு

சினிமா நடிகை சமாசாரம் என்று ஆவலாக வந்தவர்கள் மன்னிக்கவும். இது விஞ்ஞானக் கிசுகிசு.

போன ஞாயிற்றுக்கிழமை ஊரூர் ஒல்காட் குப்பத்துக்கு மீன் வாங்கப் போனேன். கூடவே பிசிக்ஸ் படித்த நண்பன். (நான் பி.காம். டெபிட், கிரெடிட்டோடு சரி.) மீன்கார அம்மா வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிக் காட்டி, "மோந்து பாரு கண்ணு!" என்றார். நண்பனுக்கு லெக்சர் மூடு வந்துவிட்டது.

"மூக்குக்குத் தப்பினதைக்கூட ஒரு பிளாஸ்டிக் மணி பிடிச்சிடும்டா. தலைமுடியைவிடச் சின்ன மணி!"

லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில், கோபுரத்துக்கு உள்ளே வட்டமாக ஒரு மாடம். சுவரோரம் கிசுகிசுத்தால் எதிர்ப்பக்கம் நிற்பவருக்குக் கேட்கும். சத்தம் வளைந்த சுவரை ஒட்டியே ஓடுகிறதாம். 1921-ல் இங்கிலாந்து போன நம்ம சி.வி. ராமன் அங்கே பரிசோதனை செய்தார். பிஜப்பூர் கோல்கும்பஸையும் விடவில்லை. (1917 வரை பத்து வருஷம் கணக்கு இலாகா அதிகாரியாக இருந்தவர். பி.காம்.காரர்களுக்கு ஓர் ஆறுதல்!)

மணிக்குள் சத்தத்துக்குப் பதில் வெளிச்சம். ஒளிரும் சாயம் ஏற்றிய மணிமேல் லேசர் அடித்தால், உள்ளே பிறக்கும் ஒளி சட்டென்று வெளியேற முடியாமல் ஓரத்தை ஒட்டியே சுற்றோ சுற்றென்று சுற்றும். சுற்றளவில் மிச்சமில்லாமல் அடங்குகிற அலைநீளம் மட்டும் ஓங்கும். மேலே ஏதாவது ஒட்டினால் பாதை துளி நீளும், நிறம் துளி சிவப்புப் பக்கம் நகரும். அதை அளந்தால் ஆச்சு. ஒயர்கூட வேண்டாம். 2015-ல் உயிருள்ள செல்லுக்குள்ளேயே இந்த மணியை விட்டு மின்ன வைத்துவிட்டார்கள்.

வலை தைத்துக்கொண்டே கேட்ட பெரியவர் நிமிர்ந்தார். "இந்த முகத்துவாரத் தண்ணில போட்டா சொல்லுமா சார்?"

நண்பன் தலையைச் சொறிந்தான். "லேப் தண்ணின்னா சொல்லும், பெரியவரே. இங்கே சேறு, எண்ணெய், சாக்கடை எல்லாமே வந்து ஒட்டிக்கும். தேடற விஷம் மட்டும் ஒட்டற மாதிரி பூச்சு பூசணும். பூசினாலும் கண்டதும் ஒட்டும். பெரிய தலைவலியே அதான்."

பெரியவர் அடையாறு பக்கம் கையை நீட்டினார். "எங்க மூக்குக்கே தெரிது சார். நாங்க கத்தியே சொல்லிக்கினுகீறோம். கிசுகிசுவையா கேக்கப்போறாங்க?"

நண்பன் பதில் சொல்லவில்லை. அதற்குள் மீன்கார அம்மா எடை போட்டு முடித்திருந்தார். என்னிடம் இருநூறு ரூபாய் குறைந்தது. லெக்சரர்தான் கொடுத்தார்.