அப்பாவின் பாதி வீடு

அப்பா வீட்டை விட்டுப் போனது 2015இல். எனக்கு அப்போது பதினாறு வயது. ஹரோவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பெட்டிகளோடு போய், ஈஸ்ட் ஹாமில் ஓர் அறை வாடகைக்கு எடுத்தார். ஆனால் விவாகரத்து நடக்கவில்லை. "சனம் என்ன கதைக்கும்? உங்கள் இரண்டு பேருக்கும் கலியாணம் பேச வேண்டாமோ?" என்பார் அம்மா. கோயிலில் யாராவது கேட்டால் "அவருக்கு வேலை" என்று சொல்லியே ஒன்பது வருடம் ஓடியது.

2024 கோடையில் அப்பா என்னைக் கூப்பிட்டு, வீட்டை விற்றுத் தன் பாதியைத் தரச் சொன்னார். சின்ன வயதில் டொக்டரிடம் இவர்களுக்கு மொழிபெயர்த்த நான், இப்போது சொலிசிட்டர் முன்னால் இருந்தேன்.

அங்கேதான் ஒரு விசயம் தெரிந்தது. இங்கிலாந்தில் நாம் குடியிருக்கும் வீட்டை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் அப்பா அங்கே குடியிருக்கவில்லையே! அவர் இருந்த வருடங்களுக்கும், விற்பதற்கு முந்தின கடைசி ஒன்பது மாதங்களுக்கும் மட்டும்தான் விலக்கு. 1998இல் 120,000 பவுணுக்கு வாங்கிய வீடு இப்போது 600,000 போகும். அப்பாவின் பாதி இலாபம் 240,000. அதில் சுமார் 76,000 வரிக்குள் வரும் என்றார்கள். எழுத்தில் ஒரு பிரிவு ஒப்பந்தம் இருந்தால் சலுகை கேட்கலாம். 2023 ஏப்ரலில் இருந்து விதிகளும் இளகியிருக்கின்றன. எங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

"மோர்ட்கேஜ் கட்டினது நான். இருக்காததுக்கு வரியோ?" என்று அப்பா கோபப்பட்டார். விற்கிற கதை அப்படியே நின்றது.

2025 மாசியில் அவருக்கு மாரடைப்பு வந்தது. போய்விட்டார்.

மரணத்தைப் பதியப் போனபோது, இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று பதிவாளர் அம்மாவைக் கேட்டார். நான் தமிழில் திருப்பிச் சொன்னேன். அம்மா கனநேரம் பேசவில்லை. பிறகு, "மனிசி எண்டு சொல்லு" என்றார்.

அந்தச் சொல்லுக்கு எவ்வளவு பெறுமதி என்று சொலிசிட்டர் பிறகு விளங்கப்படுத்தினார். பிரிந்து வாழ்ந்தாலும், விவாகரத்து முடியும்வரை சட்டத்தில் கணவன் மனைவிதான். ஒருவர் சொத்து மற்றவருக்குப் போகும்போது மரபுரிமை வரி இல்லை. வீடு இருவர் பெயரிலும் பிரிக்காத கூட்டு உரிமையாக இருந்ததால், அப்பாவின் பாதி தானாகவே அம்மாவுக்கு வந்தது. அப்பாவின் பாதியில் ஏறியிருந்த இலாபத்துக்கும் இனி வரி இல்லை. இறந்த நாளின் பெறுமதியே அம்மாவின் புதிய விலை. அப்பா பயன்படுத்தாத 325,000 பவுண் வரம்பும், வீட்டைப் பிள்ளைகளுக்கு விட்டால் கிடைக்கும் 175,000 வரம்பும் அம்மாவின் வரம்புகளோடு சேரும்.

அதற்காக, "விவாகரத்து எடுக்காமல் இருந்தது நல்லது" என்று சொல்ல மாட்டேன். அப்பா ஒரு கடிதம் கொடுத்துக் கூட்டு உரிமையைப் பிரித்து, உயிலில் தன் பாதியை வேறு யாருக்காவது எழுதியிருந்தால், அம்மா இன்று இன்னொருவரோடு வீட்டைப் பங்கு போட வேண்டியிருக்கும். எங்களைக் காப்பாற்றியது புத்தி இல்லை, அதிர்ஷ்டம்.

உங்கள் வீட்டிலும் பெற்றோர் பிரிந்து இருக்கலாம். அதைப் பற்றி யாரும் கதைக்காமலும் இருக்கலாம். இந்த மூன்றையும் மட்டும் கேட்டுப் பாருங்கள்: வீடு யார் பெயரில், எப்படிப்பட்ட உரிமையில் இருக்கிறது? உயில் இருக்கிறதா? பிரிந்ததற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது.

அம்மா போன கிழமை தன் உயிலை எழுதினார். கையெழுத்து வைத்துவிட்டு, "கொப்பரும் இதைச் செய்திருக்கலாம்" என்றார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அப்பாவைப் பற்றி அவர் கோபமில்லாமல் சொன்ன முதல் வார்த்தை அது.