ஆருடமும் அட்டவணையும்

மாந்தர் உள்ளத்தை விட்டு எளிதில் நீங்காத ஆசைகள் இரண்டு. நாளை நிகழ்வதை இன்றே அறிந்துவிட வேண்டும் என்பது ஒன்று. எதனையும் எவரையும் ஒன்று, இரண்டு, மூன்று என வரிசையில் நிறுத்திவிட வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதனாற் சோதிடம் பிறந்தது; பின்னதனாற் சாதி பிறந்தது என்று கூறினும் பெரிதும் தவறாகாது. இவ்விரண்டு ஆசைகளும் எவர்க்கும் தீங்கின்றி உலவத்தக்க இடம் ஒன்று உண்டாயின், அது விளையாட்டுத் திடலேயாகும். அத்திடலைக் குறித்தே ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம்.

யாம் கெடா மாநிலத்துச் செம்பனைத் தோட்டமொன்றிற் கிராணியாயிருந்து வருகின்றோம். பிறப்பாலும் பற்றாலும் கிறிஸ்தவர். காற்பந்தில் அளவிறந்த பித்துடையோம். இம்மூன்றும் ஒருவரிடத்தே கூடுமாயின் அவருக்குச் சனிக்கிழமை இரவில் உறக்கம் இராது. இங்கிலாந்திற் பகலில் ஆடும் ஆட்டம் நம் நாட்டில் நள்ளிரவை ஒட்டி முடியும். மறுநாட்காலை சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் லூனாசிலும் ஆலயங்களிற் கூடும் இளைஞர் பலரின் கண்கள் சிவந்திருக்கும். அதனைக் கண்டு, இரவெல்லாம் செபத்தில் விழித்திருந்தனர் போலும் என வெளியூர்ப் போதகர் எவரேனும் மகிழ்வாராயின், அம்மகிழ்ச்சியைக் கெடுக்க எமக்கு மனம் வாராது.

வழிபாடு முடிந்து தேநீர் வழங்குமிடத்தே ஆருடம் தொடங்கும். எம் சபையிற் பெரியவர் ஒருவர் உளர். "எழுதி வைத்துக்கொள், தம்பி, வரும் வாரம் நம் பக்கம் மூன்று கோல்" என்பார். "சென்ற வாரமும் இதையேதான் சொன்னீர்கள், ஐயா" எனின், "சென்ற வாரம் நடுவர் கெடுத்தார்" என்பார். அதற்கு முந்திய வாரம் மழை கெடுத்தது. அதற்கும் முந்திய வாரம் திடலின் புல் கெடுத்தது. ஆருடம் ஒருநாளும் பொய்த்ததில்லை. உலகந்தான் அதனோடு ஒத்துழையாது போயிற்று. சோதிடர்க்கு ஏழரைச்சனி எத்துணை உதவியோ, பந்தாட்ட ஆருடக்காரர்க்கு நடுவர் அத்துணை உதவி.

வெற்றிக்காக இறைவனை வேண்டுவாரும் உளர். இரு குழுவினர்க்கும் அடியார்கள் இருத்தலின், இருதிறத்தார் வேண்டுதலையும் ஏற்பதற்கு ஆட்டத்தைச் சமனாக முடித்தல் ஒன்றே வழி. ஆனால் அடியார் இருவரும் அதனையே பெருங்குறையாகக் கூறுவர். எனவே, இறைவன் இவ்வழக்கில் தலையிடாமை அவன் பேரறிவுக்குச் சான்றென்றே யாம் கொள்வோம்.

நம் தமிழ்க் கிளிச்சோதிடமும் ஒருமுறை இவ்வரங்கில் ஏறியதுண்டு. 2010ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டி தென்னாப்பிரிக்காவில் நடைபெற்றபோது, சிங்கப்பூரின் குட்டி இந்தியாவில் தமிழ்ப் பெரியவர் ஒருவர் வளர்த்த மணி என்னும் கிளி, காலிறுதி ஆட்டங்கள் நான்கிலும் வெல்வோரைச் சரியாகச் சீட்டெடுத்துக் காட்டி உலகச் செய்தித்தாள்களில் இடம்பெற்றது. அதே வேளையில் ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் நகரத்துக் காட்சிசாலையில், பவுல் என்னும் பெயருடைய, எட்டுக்கை படைத்த கணவாய் ஒன்றும் ஆருடம் உரைத்தது. இறுதியாட்டத்திற்கு நெதர்லாந்தின் சீட்டைக் கிளி எடுத்தது; கணவாயோ ஸ்பெயினின் பெட்டியைத் திறந்தது. ஸ்பெயின் 1–0 என வென்றது. வழிவழியாகச் சீட்டெடுத்துப் பழகிய நம் கிளி, நேற்றுத் தொழிலுக்கு வந்த கணவாயிடம் தோற்றது. அப்பொழுது நம்மவர் சிலர் வருந்தினர், யாம் சிரித்தோம்.

கணவாயின் புகழையும் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். அது அப்போட்டியில் எட்டு ஆட்டங்களையும் சரியாகச் சொல்லிற்று. நாணயத்தை எட்டு முறை சுண்டி எட்டு முறையும் தலையே விழுதல் 256இல் ஒருமுறை நிகழத்தக்கது. அரியதுதான், ஆயினும் அற்புதமன்று. உலகெங்கும் கிளி, குரங்கு, பன்றி, யானை என 256 உயிர்கள் ஆருடம் கூறப் புகுந்தால், அவற்றுள் ஒன்று எட்டையும் சரியாகக் கூறும் என எதிர்பார்ப்பதே கணக்கின் முறை. ஏனையவற்றின் பெயர் செய்தித்தாளில் வாராது. 2008ஆம் ஆண்டு ஐரோப்பியப் போட்டியில் இதே பவுல் ஆறு ஆட்டங்களுக்கு ஆருடம் கூறி இரண்டில் தவறியதை எவரும் நினைவிற் கொள்வதில்லை. பலித்ததைப் பறைசாற்றுதல், பொய்த்ததை மறத்தல்: சோதிடத்தின் முதலீடு முழுதும் இவ்விரண்டே.

இனி அட்டவணைக்கு வருவோம். ஆருடம் குருட்டுத்தனம், தரவரிசையோ கணக்கு என்று ஆங்கிலம் கற்ற நண்பர் பலர் எண்ணுவர். உலகக் காற்பந்துச் சம்மேளனம் 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதற்கொண்டு கைக்கொள்ளும் முறை, ஹங்கேரியிற் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்த ஆர்பாட் ஈலோ என்பார் சதுரங்கத்திற்கென வகுத்த முறையைத் தழுவியது. வலியாரை வென்றால் மிகுந்த புள்ளி. எளியாரை வென்றாற் குறைந்த புள்ளி. எளியாரிடம் தோற்றாற் பேரிழப்பு. இது நேர்மையான ஏற்பாடே. இதற்கு முன்னிருந்த முறையில் நட்பு ஆட்டங்கள் சராசரியைக் குறைத்தன. போலந்து நாட்டினர் அத்தகைய ஆட்டங்களைத் தவிர்த்தே வரிசையில் உயர்ந்து, 2018ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்திற்கு முதல் தரத்தாருடன் வைக்கப்பெற்றனர். சென்று ஆடியபோது தம் பிரிவிற் கடையிடமே பெற்றனர். ஆடாமையால் ஏறிய ஏணி ஆடியவுடன் சாய்ந்தது.

அதே போட்டியில், உலக வரிசையின் முதலிடத்தில் நின்ற ஜெர்மனி, 57ஆம் இடத்திலிருந்த தென்கொரியாவிடம் 0–2 எனத் தோற்று வெளியேறிற்று. அத்தென்கொரியா 23ஆம் இடத்தில் நின்ற காலத்து, 2024ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள், கத்தாரில் நடந்த ஆசியக் கிண்ணத்தில் 130ஆம் இடத்திலிருந்த நம் மலேசியாவைச் சந்தித்தது. முன்னிரண்டு ஆட்டங்களிலும் தோற்று வெளியேறுதல் உறுதியாகிவிட்ட நம் குழு, ஆட்டத்தின் இறுதி நொடிகளில் ஒரு கோல் போட்டு 3–3 எனச் சமன் செய்தது. "ஜெர்மனி கொரியாவிடம் தோற்றது, கொரியா நம்மை வெல்ல இயலவில்லை, ஆகவே நாம் ஜெர்மனிக்குக் குறைந்தவரல்லர்" எனச் சுங்கைப் பட்டாணிக் காப்பிக்கடை ஒன்றில் நிறுவப்பட்டது. தருக்கநூலார் இதனை ஏலார். ஆயினும் அவ்வாரம் முழுதும் எம் உள்ளத்திற்கு இதனினும் இனிய தருக்கம் பிறிதொன்றிருந்ததில்லை.

கெடாவின் கதையே இதற்குச் சிறந்த பாடம். நம் மாநிலக் குழு 1987, 1988, 1989 ஆகிய மூன்றாண்டுகளிலும் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தை அடைந்து, மூன்றிலும் கோலாலம்பூரிடமே தோற்றது. கெடா இறுதிவரை வரும், கிண்ணத்தைத் தொடாது என்று அக்காலத்து ஆருடக்காரர் கூறியிருப்பின், அவரைக் குறைகூற இயலாது. மூன்றாண்டுக் கணக்கு அவர் பக்கம் இருந்தது. 1990இல் அதே குழு சிலாங்கூரை 3–1 என வென்று கிண்ணத்தை அலோர் ஸ்டாருக்குக் கொணர்ந்தது. பின்னர் 2007, 2008 ஆகிய ஈராண்டுகளிலும் நாட்டின் முப்பெருங் கிண்ணங்களையும் ஒருங்கே வென்றது. அத்துணைப் பெருமை பெற்ற கழகம் 2025இல் முதற்பிரிவில் ஆடும் உரிமத்தையே பெறாது போயிற்று. ஏற்றத்தையும் அட்டவணை முன்னறியவில்லை, இறக்கத்தையும் முன்னறியவில்லை.

எம் வேதாகமம் ஆருடத்தையும் வரிசையையும் குறித்து வைத்திருக்கும் கதைகள் நகைச்சுவையிற் குறைந்தவையல்ல. நாற்பது நாளில் நினிவே அழியும் என்று கூறிய யோனா, அந்நகரத்தார் மனந்திரும்ப, நகரம் பிழைத்தது கண்டு மகிழ்ந்தாரில்லை. தம் சொல் பொய்த்ததே எனச் சினந்து ஆமணக்கின் நிழலில் முகம் வாடி அமர்ந்தார். ஓர் ஊர் பிழைத்ததினும் தம் ஆருடம் பெரிதாகப்பட்டது அவர்க்கு! வரிசையாசைக்குச் செபதேயுவின் மனைவியாரைக் காண்க. தம் புதல்வர் இருவர்க்கும் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்றென முதலிரண்டு இடங்களை அவ்வம்மையார் முன்னதாகவே கேட்டார். ஏனைய பதின்மரும் எரிச்சலுற்றனர். அவ்விடங்களின்மேல் அவர்கட்கும் கண்ணிருந்தது போலும். சாமுவேலோ, ஈசாயின் மூத்த மகனுடைய உயரத்தைக் கண்டவுடனே தேர்வை முடித்துவிடப் பார்த்தார். தெரிந்தெடுக்கப்பட்டவன் அவ்வரிசையில் நிறுத்தப்படவேயில்லை; அவன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான்.

இவ்வளவும் விளையாட்டாகவே இருந்துவிடின் யாம் எழுதுகோலை எடுத்திருக்க மாட்டோம். ஆருடம் திடலைத் தாண்டி இரு வழிகளில் எம் தோட்டத்துக்குள் நுழைகின்றது.

முதல்வழி பந்தயம். சம்பளநாட் பணம் மறுநாளே கைபேசிவழிப் பந்தயத்திற் கரைதலை யாம் கண்டு வருகின்றோம். எடுத்துக்காட்டாக, ஒத்த வலிமையுடைய இருவருள் எவர் வென்றாலும் ஒரு ரிங்கிட்டுக்கு ஒரு ரிங்கிட் 90 காசு தரப்படும் எனக் கொள்க. இருபக்கமும் ஒவ்வொரு ரிங்கிட் வைப்பவனுக்கு வெற்றி உறுதி. ஆயினும் பத்துக் காசு நட்டமும் உறுதி. வெல்வோன் யாராயினும் அப்பத்துக் காசு பந்தயம் நடத்துவோனுக்கே சேரும். ஆருடம் உரைக்காமலே நாளைய வரவை அறிந்தவன் அவன் ஒருவனே.

இரண்டாம் வழி இதனினும் கொடிது. நம் பிள்ளைகள்மேல் நாம் உரைக்கும் ஆருடம். செம்பனைக் குலையைத் தரம் பிரித்தல் எம் தோட்டத்தில் அன்றாடப் பணி. உதிர்ந்த பழத்தின் தடத்தைப் பார்த்து, இது பழுத்தது, இது காய் என்று ஒதுக்குவர். அதில் அநீதி ஒன்றுமில்லை. வெட்டிய குலை இனி வளரப்போவதில்லை. வளர்கின்ற பிள்ளையை அவ்வாறு ஒதுக்குதல் எங்ஙனம் தகும்? ஆறாம் ஆண்டுத் தேர்வில் எத்தனை 'ஏ' என்பதைக் கொண்டு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வாழ்நாள் முழுமைக்கும் ஆருடம் கூறினோம். 2021இல் அத்தேர்வு நீக்கப்பட்டது, ஆருடம் நீங்கவில்லை. "இவன் அப்பனைப்போல் லாரியில் குலை ஏற்றத்தான் போவான்" என்று பிள்ளையின் காதுபடப் பேசுவாரை இன்றும் காண்கின்றோம். கிளியின் ஆருடத்தால் நெதர்லாந்து தோற்கவுமில்லை, வெல்லவுமில்லை. பெரியோர் ஆருடமோ பிள்ளையின் நெஞ்சிற் புகுந்து தன்னைத்தானே பலிக்கச் செய்துகொள்ளும்.

தரவரிசை பயனற்றது என்பது எம் கருத்தன்று. எம் மாநிலத்தை அடுத்த பினாங்கிற் பிறந்த நிக்கோல் டேவிட், 2006 முதல் 2015 வரை இடையறாது 108 மாதங்கள் ஸ்குவாஷ் எனும் சுவர்ப்பந்தில் உலகின் முதலிடத்தில் நின்றார். அவ்வட்டவணை மெய்யே கூறிற்று. ஒவ்வொரு மாதமும் அவர் ஆடி ஈட்டியதை அது எழுதிற்று. கெடாவிற் பிறந்த தமிழ்ப்பெண் சிவசங்கரி சுப்பிரமணியம், 2018ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டின் இறுதியாட்டத்தில் அந்நிக்கோலிடம் தோற்றார். 2022 ஜூனில் சாலை விபத்திற் சிக்கிக் கடுங்காயமுற்றார். அவர் படுத்திருந்த நாளில் ஆருடம் கேட்டிருப்பின் கிளி எச்சீட்டை எடுத்திருக்கும்? 2023இல் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டின் தங்கத்தை வென்றார். 2024இல் இலண்டனில், வரிசையில் தமக்கு மேல் நின்ற எகிப்து வீராங்கனை ஹானியா எல் ஹம்மாமியை இறுதியாட்டத்தில் வென்று பட்டம் கொண்டார்.

கிராணித் தொழிலில் மாறா விதி ஒன்றுண்டு. பெரட்டுக்கு வந்தவர் பெயரை வந்தபின்னரே செக்ரோலில் எழுதுதல் வேண்டும். நாளைய வருகையை இன்றே எழுதிவைக்கும் கிராணி வேலையை இழப்பான். நேற்று வாராதவன் இன்று வந்து நிற்கையில் அவன் பெயரை எழுத மறுப்பவனும் இழப்பான். தரவரிசை என்பது செக்ரோல், நேற்றைய கணக்கு. அதனை நாளைய தீர்ப்பாகப் படிப்பார்க்கு எத்தோட்டத்திலும் கிராணி வேலை கொடுத்தலாகாது.

ஆதலின் நண்பர்களே, ஞாயிறுதோறும் தேநீர்க் கோப்பையைக் கையிலேந்தி ஆருடம் உரையுங்கள். எக்குழு முதல், எக்குழு கடை என்று தொண்டை கட்டுமளவும் வாதிடுங்கள். பொய்த்தால் நடுவர்மேற் பழியைப் போட்டுவிட்டு அடுத்த வாரத்திற்கு ஆயத்தமாகுங்கள். பணத்தை மட்டும் இல்லத்திற் சேர்த்துவிடுங்கள். மாலையில் தோட்டத்துத் திடலிற் பந்துதைக்கும் சிறுவரைக் காணுமிடத்து, எவன் தேறுவான், எவன் தேறான் என்னும் அட்டவணையை விரிக்காதீர்கள். அவர்கள் ஆட்டத்திற்கு இன்னும் ஊதலே ஊதப்படவில்லை.