யாரைப் பார்க்கணும்?

சென்ற மாதம் என் லாப்டாப்புக்குச் சீக்கு வந்துவிட்டது. எதைத் திறந்தாலும் விளம்பரம். நாவலின் பன்னிரண்டாம் அத்தியாயத்தைத் தேடினால் கார் இன்ஷூரன்ஸ்காரர் வந்து நின்றார். என் அக்காள் மகன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பகுதியில் இருக்கிறான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாறி, அவனிடம் போய்ச் சேர்ந்தேன்.

வாசலில் செக்யூரிட்டிக்காரர் மறித்தார். "யாரைப் பார்க்கணும்?" சொன்னேன். "பையில என்ன?" காட்டினேன். பெட்டியின் நம்பரை ஒரு கனத்த நோட்டில் எழுதிக்கொண்டு, உள்ளே போன் செய்தார். "எங்க மாமாதான், அனுப்புங்க" என்று பதில் வந்த பிறகே கதவு திறந்தது. பத்து நாவல் எழுதியவனை வெயிலில் நிற்கவைத்துக் கேள்வி கேட்பதா என்று எனக்கு ஒரே கோபம்.

பையன் பெட்டியைப் பார்த்தான். "புதுசா என்ன போட்டீங்க மாமா?"

"இலவசமாகக் கிடைத்தது, தமிழில் தட்டச்சு செய்கிற புரோகிராம் ஒன்று."

"போடறப்போ திரை மங்கி ஒரு கேள்வி வந்திருக்குமே?"

"வந்தது. 'ஆம்' என்று தட்டினேன்."

"என்ன கேட்டதுன்னு படிச்சீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. என் எழுத்தை ஊரார் ஒரு வரி விடாமல் படிக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறவன் நான்!

அவன் விளக்கினான். கம்ப்யூட்டருக்கு நாமே எஜமானர் என்றாலும், நாம் திறக்கும் புரோகிராம்கள் பொதுவாகச் சாதாரண அதிகாரத்தோடுதான் ஓடுகின்றன. புதிதாக ஒன்றை நிறுவவோ, முக்கியமான அமைப்பை மாற்றவோ ஒரு புரோகிராம் முயன்றால், விண்டோஸ் அதை நிறுத்திவைத்து நம்மைக் கேட்கிறது. திரை மங்குவது அழகுக்காக அல்ல. அந்த நேரத்தில் வேறு புரோகிராம் எதுவும் நமக்குப் பதிலாக 'ஆம்' என்று தட்டிவிட முடியாது. வந்திருப்பது யாருடைய தயாரிப்பு என்பதும் அங்கேயே எழுதியிருக்கும். பெயர் நிச்சயமாகத் தெரியாவிட்டால், தெரியாதவர் என்று ஒளிக்காமல் சொல்லிவிடும்.

2007-இல் விஸ்டா வந்தபோது இந்தக் கேள்வி தொட்டதற்கெல்லாம் வந்ததாம். அலுத்துப்போன ஜனங்கள் படிக்காமலே 'ஆம்' தட்டப் பழகினார்கள். சிலர் காவலையே நிறுத்திவிட்டார்கள். 2009-இல் விண்டோஸ் 7 கேள்விகளைக் குறைத்தது. ஓயாமல் கூப்பாடு போட்டால் காவல்காரன் பேச்சை யார் கேட்பார்கள்?

"அப்படியானால் இனி படித்துவிட்டுத் தட்டினால் போதுமா?"

"போதாது மாமா" என்றான். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற கொள்ளைக்காரப் புரோகிராம் உலகெங்கும் பரவியபோது, இதே ஒரகடத்து ரெனோ-நிஸான் கார்த் தொழிற்சாலையும் பாதிக்கப்பட்டது. அது வாசலில் நின்று அனுமதி கேட்கிற ஜாதி அல்ல. விண்டோஸின் மதிலில் இருந்த ஓட்டை வழியே கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வந்திருந்தது. அதைப் போடாமல் விட்ட கம்ப்யூட்டர்கள் ஏராளம். இன்னொன்றும் சொன்னான்: என் நாவலை அழிக்க ஒரு புரோகிராமுக்கு இந்த அனுமதிகூட வேண்டியதில்லையாம். சொந்தக் கோப்புகளுக்கு வேறிடத்தில் பிரதி வைத்திருப்பதுதான் காப்பு.

நல்ல வேளை, பன்னிரண்டாம் அத்தியாயம் பிழைத்தது.

திரும்பும்போது அதே செக்யூரிட்டிக்காரர் பையைத் திறக்கச் சொல்லி, நம்பரை நோட்டோடு ஒப்பிட்டார். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை. "எல்லாரையும் இப்படிக் கேட்பீர்களா?" என்றேன்.

"கேக்கறது என் வேலை சார். விடச் சொல்றதும் வேணாங்கறதும் உள்ளே இருக்கறவங்க பொறுப்பு."

என் பெட்டிக்குள் இருக்கிறவன் நான் ஒருவன்தான் என்பது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.