அதே எடையில் ஒரு தங்கை

காலைப் பிடிக்கப் பாய்ந்த சின்னப் பெண் தலையைத் தாழ்த்திவிட்டாள். எதிரே நின்றவள் நாலைந்து வயது மூத்தவள், வாய் திறக்கவில்லை. பிடரியில் ஓர் அமுக்கு, சட்டென்று ஒரு சுற்று, பின்பக்கம் வந்து இடுப்பைக் கட்டிவிட்டாள். போட்டியென்றால் இரண்டு புள்ளி போயிருக்கும். சின்னவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அடுத்த முறை நெற்றி மூத்தவளின் விலாவில் ஒட்டியிருந்தது, முழங்கைகள் உடம்போடு சேர்ந்திருந்தன. பிடி சரியாக விழும்வரை மூத்தவள் காலை உருவிக்கொள்ளவே இல்லை.

அரியானாவின் ரோத்தக்கில், சோட்டு ராம் ஸ்டேடியத்தின் மல்யுத்தக் கூடத்தில் நான் பார்த்த பாடம் இது. பயிற்சியாளர் ஒருவர், பாயில் ஜோடிகளோ பல. யார் எங்கே பிசகினார்கள் என்பது அவர் கண்ணுக்கு எட்டுமுன் எதிராளியின் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் பாதிப் பள்ளிக்கூடம் ‘தீதி’களின் கையில். மூத்தவர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

சாக்ஷி மாலிக் 12 வயதில் ஈஸ்வர் தஹியாவிடம் பயிற்சிக்குச் சேர்ந்தது இந்த ஊரில்தான். பெண் பிள்ளைகளுக்கு மல்யுத்தமா என்று ஊர் முணுமுணுத்த காலம். பையன்களோடும் மோதித்தான் பழக வேண்டியிருந்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் 0-5 என்று பின்தங்கி, கடைசி நொடிகளில் 8-5 ஆக்கி வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை அவர்.

அரியானாவின் பலாலி கிராமத்துப் போகத் சகோதரிகளின் கதையை ‘தங்கல்’ படம் வீடுவீடாகக் கொண்டுபோனது. ஆனால் படம் அப்பாவைத்தான் அதிகம் காட்டியது. மகாவீர் சிங் போகத்தின் வீட்டில் நான்கு மகள்கள், அவரது தம்பியின் மகள்கள் இருவர். 2010 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற கீதாவுக்கும் வெள்ளி வென்ற பபிதாவுக்கும் பின்னால் வளர்ந்த தங்கைகளுக்கு, தினமும் மோதிப் பார்க்க ஆள் வீட்டிலேயே இருந்தது. எந்த அகாடமியும் லேசில் தர முடியாத வசதி அது.

இந்த அக்கா தங்கைப் பாசத்தில் ஒரு முள்ளும் உண்டு. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஆறே எடைப் பிரிவுகள். ஒரு பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து ஒருவர்தான் போகலாம். தன் எடையை ஒட்டிய இளையவளுக்குப் பிடி சொல்லிக்கொடுப்பவள், நாளை தன் இடத்தைக் கேட்கப்போகிறவளையே வளர்க்கிறாள். 53 கிலோவில், மகாவீரின் தம்பி மகள் வினேஷ் போகத் கோலோச்சியபோது பின்னால் வந்தவர் ஹிசார் பக்கத்து அந்திம் பங்கால். கபடி ஆடிய அக்கா மல்யுத்தத்துக்குக் கூட்டிவந்த பெண். 2022இல் 20 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண். அடுத்த ஆண்டும் அதைத் தக்கவைத்தார். 2023 ஆசியப் போட்டிக்கு வினேஷைத் தகுதிச்சுற்று இல்லாமலே தேர்ந்தெடுத்ததும் நீதிமன்றம் போனார். மனு தள்ளுபடியானது. காயத்தால் வினேஷ் விலக, அந்திம் சென்று வெண்கலம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 53 கிலோ அந்திமுக்கு. 50க்கு இறங்கிய வினேஷ், இறுதிப் போட்டியன்று 100 கிராம் கூடியதால் தகுதியிழந்தார். கோர்ட்டுக்குப் போனதை மரியாதைக் குறைவு என்று பேசியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எடைக்கு அக்கா தங்கை தெரியாது.

சாக்ஷி, வினேஷ் போன்ற இதே மூத்தவர்கள்தான் 2023இல் டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். இந்திய மல்யுத்த சம்மேளனத் தலைவர் மீதான பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கக் கோரினார்கள், அவர் மறுத்தார். அந்த டிசம்பரில் அவருக்கு நெருக்கமானவர் புதிய தலைவரானதும், சாக்ஷி தன் ஷூக்களைப் பத்திரிகையாளர்கள் முன் மேஜையில் வைத்துவிட்டு விலகினார்.

ரோத்தக் கூடத்தில் பாய் காலியாக இருப்பதில்லை. தீதிகள் தேசிய முகாமுக்கோ ரயில்வே, போலீஸ் வேலைக்கோ போய்விட்டால், பதினைந்து வயதுக்காரி தீதியாகிவிடுகிறாள். விடுப்பில் ஊர் வரும் பெரியவர்களோ பெட்டியை வீட்டில் போட்டதும் பாய்க்கு வந்து, அவளை ஒரு கை பார்க்கிறார்கள்.